அம்மாவின் பூட்ஸ் எங்கே? புகைப்படப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக நீதிப் புகைப்படப் போட்டியின் அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

உங்கள் கண்காட்சிக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஆறடி உயரத்துக்குத் தொங்குகிறதே ஒரு படம், அதில் இருப்பவர் என் அம்மா. தலையில் உப்புக் கூடை, பின்னால் வெள்ளை அம்பாரம். வரப்பின் மேல் வெறுங்காலோடு நடந்து வருகிறார். கீழே ஒட்டியிருக்கும் அட்டையில் ‘பெயர் அறியாத உப்பளப் பெண், தூத்துக்குடி’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். முதல் பரிசு, 1,50,000 ரூபாய்.

அம்மாவுக்குப் பெயர் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருக்கிறது, அளத்துச் சம்பள நோட்டில் 22 வருடமாக வாராவாரம் எழுதப்படுகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்காமலே ஊரையும் சேர்த்துச் சொல்லியிருப்பார், பேச்சுக்குக் குறைவில்லாத மனுஷி.

இதை உங்களுக்கு மின்னஞ்சலில் எழுதினேன். 11 நாள் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. போட்டி விதி எதுவும் மீறப்படவில்லை. என் தாயாரின் உழைப்பை உலகறியச் செய்ததில் உங்களுக்குப் பெருமை. அடுத்த வாரமே, கண்காட்சி இன்னும் மூன்று ஊர்களுக்குப் போகிறது என்றும் அடுத்த ஆண்டுப் போட்டியின் தலைப்பு ‘விளிம்பின் முகங்கள்’ என்றும் அறிவித்தீர்கள். அந்த அறிவிப்பிலும் அம்மாவின் படம்தான். சரி, இனி தனி மடல் போட்டுப் பயனில்லை, நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை இப்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கலை தெரியாத ஒருவனின் கோபம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நானும் கேமராக்காரன்தான். தூத்துக்குடிப் பக்கம் 14 வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு, கோயில் கொடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலை வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தால் உப்பு எப்படி மின்னும் என்று உங்கள் நடுவர்களுக்குத் தெரிவதைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும். பள்ளிக்கூட லீவில் அந்த வரப்பில்தான் தூக்குவாளியோடு நடந்திருக்கிறேன். உங்கள் பரிசுப் படம் நல்ல படம். வெளிச்சம், அமைப்பு எல்லாம் சரியாக இருக்கிறது. என் புகார் வேறு.

கண்காட்சிக்கு நான் தனியாகத்தான் போனேன். நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘இது உங்கம்மா மாதிரி இருக்கே’ என்று கேட்டதால் போனேன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, போனைத் தள்ளி வைத்துப் பார்த்தார். அழுவாரோ சிரிப்பாரோ என்று நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“ஏல, எம் பூட்ஸு எங்கல?”

அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்தது. நடந்ததைச் சொன்னார்.

அன்று காலையில் ஒரு வேனில் ஆறேழு பேர் வந்திருக்கிறார்கள். அளத்துக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்களாம். நிலத்துக்கு அவரிடம் அனுமதி வாங்கலாம், அது அவர் குத்தகைக்கு எடுத்தது. அம்மாவின் முகத்துக்கும் அவரிடமே வாங்கினால் போதும் என்று யார் சொன்னார்கள்? கூட வந்த வழிகாட்டிப் பையன் அம்மாவிடம் வந்து, “அம்மா, அந்த பூட்ஸக் கழட்டிட்டு நடங்க, சார் கேக்காரு” என்றிருக்கிறான். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையையும் கழற்றச் சொன்னார்கள். அதன் முதுகில் சிமென்ட் கம்பெனி விளம்பரம் இருந்ததாம், படம் கெட்டுவிடுமாம். கழற்றினார். கூடையை இறக்கி, மறுபடி நிரப்பி, உப்பைக் குவிக்கும் தட்டுமேட்டுக்கு நாலு நடை. ஒவ்வொரு நடையும் முப்பது கிலோவுக்கு மேல். நாலாவது நடையில் ‘சூப்பர், சூப்பர்’ என்றார்கள். வேனில் ஏறிப் போய்விட்டார்கள். கையில் 100 ரூபாய் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதை வைத்து நீங்கள் பேச வேண்டாம்.

‘மாட்டேன்’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “கங்காணி நிக்காரு. அவரு கூட்டிட்டு வந்த ஆளுவ. எப்படில சொல்ல?” என்றார். அளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நாளைக்குக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் கையில்.

இப்போது அந்த பூட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு 61 வயது, ஏழு வருடமாகச் சர்க்கரை. காலில் சின்னக் கீறல் விழுந்தாலும் லேசில் ஆறாது, அதிலும் உப்புத் தண்ணீர் பட்டால் கேட்கவே வேண்டாம். வெறுங்காலோடு பாத்தியில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு நான் வாங்கிக் கொடுத்த கறுப்பு ரப்பர் பூட்ஸ் அது, விலை 480 ரூபாய். அளத்தில் கொடுக்கவில்லை. கேட்டதற்கு ‘பார்ப்போம்’ என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ரப்பர் பூட்ஸுக்குள் உப்பு மணல் மாதிரி இறங்கிக் கணுக்காலை அறுக்கும். அதற்காக அம்மா உள்ளே இரண்டு சோடி சாக்ஸ் போடுவார். என் மகளின் பழைய ஸ்கூல் சாக்ஸ், நீலக் கோடு போட்டது. பேத்தி காலுக்குச் சின்னதாகிப் போனதைப் பாட்டி துணி வைத்துத் தைத்துப் போட்டிருக்கிறார்.

பூட்ஸோடும் விளம்பரச் சட்டையோடும் அவரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பார்ப்பவர் ‘ஏன் இந்த அம்மா சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கிப் போட்டிருக்கிறார், முதலாளி ஏன் கொடுக்கவில்லை’ என்று கேட்டிருக்கலாம். வெயிலும் உப்பின் பளபளப்பும் கண்ணைத் தின்கிறதே, ஏன் ஒருவருக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லை என்று கேட்டிருக்கலாம். ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிற பெண்களைப் பற்றி யாராவது விசாரித்திருக்கலாம். அந்த பூட்ஸில்தான் அநியாயம் இருந்தது. அதைக் கழற்றி வரப்போரம் வைத்துவிட்டு, சுவருக்கு அழகான வேறொரு அநியாயத்தை எடுத்துக்கொண்டு போனார் உங்கள் பரிசாளர். உங்கள் கண்காட்சியில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, ‘பாவம், காலுக்குச் செருப்புகூட இல்லை’ என்றார். அவர் மேல் தப்பில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அவர் வருத்தப்பட்டது நடக்காத ஒன்றுக்கு.

அந்த நாலு நடையில் அம்மாவின் வலது பெருவிரல் இடுக்கில் கீறல் விழுந்தது. ஆற 19 நாள் ஆனது. அதில் 8 நாள் வேலைக்குப் போகவில்லை. நாளைக்கு 450 ரூபாய் கூலி, கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். படம் செய்தியாக வந்த பிறகு இன்னொரு கூத்து. ‘அளத்துப் பேரைக் கெடுக்கப் போஸ் கொடுத்தியா’ என்று கேட்டு ஒரு வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அனுமதி கொடுத்தவர்களும் அவர்களேதான்!

அட்டையில் இன்னொரு வரி இருக்கிறது. ‘வாழ்நாளெல்லாம் உப்பில் ஊறிய இவர்களின் பாதங்கள், இறந்த பிறகு சிதையிலும் எரிவதில்லை.’ அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது குஜராத்தில், கட்ச் பாலைப் பகுதியில் உப்பெடுக்கும் அகரியா மக்களைப் பற்றிச் சொல்லப்படும் பேச்சு. இந்தியாவில் உப்பைப் பற்றி எவர் எழுதினாலும் இந்த வரி எப்படியோ வந்து ஒட்டிக்கொள்ளும். உப்பில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்பதால் பேச்சையும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் தெருவில் செத்தவர்களை எரிப்பதில்லை. புதைக்கிறோம். தூத்துக்குடியில் ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இனி நான் சொல்லப்போவது போட்டிக்கு நேரடித் தொடர்பில்லாதது போலத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். 2021-ல் எங்கள் தெருவில் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், படம் இல்லை. அவர் கல்யாணத்தில் எடுத்த ஆல்பம் ஒரு மழையில் போய்விட்டது. மகன் ஆதார் அட்டையைக் கொண்டுவந்து என் கடையில் கொடுத்தான். உங்களுக்குத் தெரியும், ஆதார் படம் எப்படி இருக்கும் என்று. பிடித்துக்கொண்டு வந்த குற்றவாளி மாதிரி, கண் பாதி மூடி. ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து அதைப் பெரிதாக்கினேன். கன்னத்தில் இல்லாத நிறத்தை ஏற்றி, பின்னால் ஊதாப்பூ போட்டு, கண்ணை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படியே ஒட்டினோம். எட்டு மாதம் கழித்து இணையத்தில் வேறெதையோ தேடும்போது ஒரு வெளியூர்க்காரரின் படத் தொகுப்பில் அந்த அக்காவைப் பார்த்தேன். நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், மூக்குத்தி மின்னுகிறது. ஒவ்வொரு ரோமமும் தெரிகிற தெளிவு. அதற்கும் பெயர் இல்லை, ‘உப்பின் மகள்’ என்று தலைப்பு. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. வாட்டர்மார்க்கோடு இறக்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அந்த வீட்டுச் சுவரில் இன்றைக்கும் மாலை போட்டிருப்பது ஆதார் படத்துக்குத்தான்.

எங்கள் ஊர்களில் வெயில் தாழ்ந்தால் கேமராவுக்குப் பஞ்சமே இல்லை. முள்ளக்காடு, வேப்பலோடை, தருவைகுளம், ஆறுமுகநேரி எங்கே போனாலும் சீசனில் யாராவது எடுத்துக்கொண்டிருப்பார்கள். எடுத்த படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. கல்யாண வீட்டில் இது நடக்குமா? பந்தியில் உட்கார்ந்த பெரியம்மாவை ஆல்பத்தில் விட்டுவிட்டால் வீடு தேடி வந்து சண்டை போடுவார். பெண்ணுக்குப் பிடிக்காத படத்தை அழி என்றால் நான் அழிக்கிறேன். அவர்கள் அட்வான்ஸ் கொடுத்தவர்கள். காசு கொடுத்தவருக்குத் தன் முகத்தின் மேல் உரிமை உண்டு, கொடுக்க முடியாதவருக்கு இல்லை என்றால், அதற்குச் சமூக நீதி என்று பெயர் வைக்காதீர்கள்.

இது புதுக் கதையும் அல்ல. தொழில் பழகிய காலத்தில் எங்கள் மாஸ்டர் காட்டிய முதல் படமே, அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோத்தியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’. 1936-ல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் நின்றவர்களின் முகாமில் எடுத்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். படம் பத்திரிகையில் வந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு எடையுள்ள உணவு போனது. அதற்குள் அந்தத் தாயும் பிள்ளைகளும் வேறிடம் கிளம்பிவிட்டார்கள். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய 1978 ஆயிற்று. அவர் அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர். நாற்பது வருடம் அவரை வெள்ளைக்காரத் தாய் என்றே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னார். 1983-ல் நோயில் படுத்தபோது மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் ஊரிடம் கேட்க வேண்டி வந்தது. அந்த வருடமே இறந்தார். 1998-ல் அந்தப் படத்தின் ஒரு பிரதி ஏலத்தில் போன விலை 2,44,500 டாலர்.

லாங்கே மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அரசாங்க வேலையாக எடுத்தார், அந்தப் படத்துக்கு ராயல்டி வாங்கியவரும் இல்லை. நல்ல மனம் படைத்த ஒருவர் எடுத்த படத்திலேயே இத்தனை விட்டுப்போகும் என்றால், வேனில் வந்து இறங்குகிறவர்களுக்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் கேட்கிறேன். 2018-ல் நடந்தது உங்களுக்கே தெரியும். உத்தரப் பிரதேச, மத்தியப் பிரதேசக் கிராமங்களில் ஏழைகள் முன்னால் மேசை போட்டு, பொய்ச் சாப்பாட்டை அலங்கரித்து வைத்து, கண்ணைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டைக் கனவு காணச் சொல்லி எடுத்த இத்தாலியக் கலைஞரின் படங்களை, உலகப் பத்திரிகைப் படப் போட்டி நடத்தும் அமைப்பே தன் இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. அப்போது நம் ஊர்க் கேமராக்காரர்கள் எல்லோரும் கொதித்தோம். அம்மாவின் பூட்ஸைக் கழற்றச் சொன்னது அதிலிருந்து எவ்வளவு தூரம்?

பெயர் கேட்க நேரமில்லை, சூழல் அப்படி என்று சொல்லிவிட முடியாது. 1908-லிருந்து லூயிஸ் ஹைன் அமெரிக்க ஆலைகளுக்குள் புகுந்து வேலை பார்க்கும் குழந்தைகளை எடுத்தார். வெளியே தெரிந்தால் அடி விழும். பொய் சொல்லித்தான் உள்ளே போவார். அப்படியிருந்தும் குழந்தையின் பெயர், வயது, என்ன வேலை, எத்தனை மணி நேரம் எல்லாம் அவர் குறிப்பில் இருக்கும். தன் சட்டைப் பட்டன் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று முன்பே அளந்து வைத்திருந்தாராம். குழந்தை எந்தப் பட்டன் வரைக்கும் வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்க்காமலே எழுதிக்கொள்வார். உங்கள் பரிசாளருக்குக் கங்காணி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

நம் நாட்டிலேயே பாருங்கள். கையால் மலம் அள்ளும் வேலையே எங்கள் பகுதியில் இல்லை என்று அதிகாரிகள் எழுதிக் கொடுத்த காலத்தில், தூய்மைப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் படமும் விவரமும் சேர்த்துத்தான் உச்ச நீதிமன்றத்தில் நின்றார்கள். 2014 தீர்ப்பில் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று வந்தது. 2023-ல் இன்னொரு வழக்கில் நீதிமன்றம் அதை 30 லட்சம் ஆக்கியது. பெயர், ஊர், தேதி உள்ள படத்தை வைத்து வாதாடலாம். பெயர் இல்லாத அம்மாவின் படத்தை எந்தத் தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டுவது? மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடன்தான். சில வருடமாக அரசு அந்தக் காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது, அந்தப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏறுவதற்காக அம்மா நடந்த நடை எனக்குத் தெரியும். அந்தப் பெயரைத்தான் நீங்கள் ‘அறியாத’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

வேறு விதமாகச் செய்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான பழனிக்குமார், கிராமத்து மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் பாரி (PARI) இணையதளத்துக்காகத் தூய்மைப் பணியாளர்களை, மீனவப் பெண்களை, எங்கள் உப்பளத்துப் பெண்களை எடுத்திருக்கிறார். அங்கே படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கும், அவர் சொன்ன பேச்சு இருக்கும். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துச் சொல்லியும் தருகிறார். முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

நான் யோக்கியன் என்றும் சொல்லவில்லை. 2013-ல் உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறியை எடுத்தேன். பாளையைச் சீவிக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கிற படம். ஒரு போட்டிக்கு அனுப்பி, ஆறுதல் பரிசும் சான்றிதழும் வாங்கி, கடையில் பெரிதாக மாட்டியிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவே இல்லை. அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அந்த ஃபிரேமைக் கழற்றி வண்டியில் வைத்துக்கொண்டு அந்தச் செம்மணல் தேரிக்குப் போனேன். மூன்று தடவை போயாயிற்று, இன்னும் ஆள் அகப்படவில்லை. அந்தப் பனையும் இல்லை. ஃபிரேம் வண்டி டிக்கியில்தான் கிடக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் உரிமையாளர். அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் அந்த உரிமை அவர் வாரிசுகளுக்கு இருக்கும். அம்மாவின் முகத்தை வைத்து எடுத்தவரின் பேரப்பிள்ளைகள் வரை சம்பாதிக்கலாம். என் மகளுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் வழக்குப் போடப் போகிறேன் என்று மிரட்டவில்லை. நியாயத்தின் பெயரில் போட்டி நடத்துகிறவர்கள் சட்டம் கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

அம்மாவின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. யோசித்து அவர்தான் சொன்னார்: “ஊரெல்லாம் எதுக்கு? எம் படம் எங்க தொங்குதோ அங்க போடச் சொல்லு. போட மாட்டேன்னா கழத்தச் சொல்லு.” பெயர் உங்கள் மின்னஞ்சலில் தனியாக இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவைதான்.

கண்காட்சி அடுத்த ஊருக்குப் போகும் முன்பு அட்டையை மாற்றுங்கள். அம்மாவின் பெயர் வர வேண்டும். பாதம் எரியாது என்ற வரி போக வேண்டும். இந்தப் படம் எடுக்கும்போது அவர் அணிந்திருந்த பூட்ஸும் சட்டையும் கேட்டுக் கழற்றப்பட்டன என்பது அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். இது முடியாது என்றால் படத்தை இறக்கிவிடுங்கள், அறிவிப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

சொல்லிச் செய்ய வைத்து எடுத்த படத்துக்கு ஆவணப் பிரிவில் பரிசு கொடுக்கலாமா என்பதை நடுவர்கள் மறுபடி கூடிப் பேசுங்கள். பேசி என்ன முடிவு எடுத்தாலும் காரணத்தோடு வெளியிடுங்கள். பரிசைப் பிடுங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எடுத்தவரிடம் ஒரு முறை கேளுங்கள், அவர் பக்கத்தையும் சொல்லட்டும்.

அம்மா இழந்த 8 நாள் கூலியையும், பிறகு நிறுத்தி வைத்த ஒரு வாரக் கூலியையும் அவருக்குச் சேர்ப்பியுங்கள். படத்தின் பிரதிகள் விற்பனைக்கு இருப்பதாக உங்கள் விலைப்பட்டியலில் பார்த்தேன், ஒன்று 45,000 ரூபாய். விற்றால் அதில் பாதி அம்மாவுக்கு வர வேண்டும். எத்தனை விற்றது என்ற கணக்கும் வர வேண்டும்.

‘விளிம்பின் முகங்கள்’ போட்டிக்கு விண்ணப்பம் திறக்கும் முன்பு விதிகளை மாற்றுங்கள். படத்தில் அடையாளம் தெரியும் ஒவ்வொருவருடைய சம்மதமும் அவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், எழுத வராதவர் என்றால் குரல் பதிவாக. முதலாளி, கங்காணி, ஊர்த்தலைவர் கொடுக்கும் அனுமதி செல்லாது. பெயர் போடுவதா மறைப்பதா என்று படத்தில் இருப்பவர் முடிவு செய்யட்டும். பிறகு மனம் மாறி எடுங்கள் என்றால் எடுக்க ஒரு வழி வேண்டும், அதற்கு ஒரு போன் நம்பராவது வேண்டும். பரிசுத் தொகையில் ஒரு பங்கு அவர்களுக்கு என்பதை முன்கூட்டியே எழுதுங்கள். நடுவர் குழுவில் ஒருவராவது அந்தத் தொழிலைச் செய்தவராக இருக்கட்டும். உப்பளத்துப் படம் என்றால் அம்மாவையே கூப்பிடுங்கள், வருவார். எது நடிப்பு எது வேலை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். கூடையைச் சும்மாட்டில் வைத்திருக்கிற விதமே தப்பு என்று உங்கள் கண்காட்சியில் இன்னொரு படத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று.

கடைசியாக, ஒரு பிரதி. ஃபிரேம் வேண்டாம், பன்னிரண்டுக்குப் பதினெட்டு போதும். பரிசு வாங்கிய படம் இல்லை; அந்த நாலு நடைக்கு முன்னால், பூட்ஸும் சட்டையுமாக அம்மா நிற்கிற ஒரு படத்தையும் அந்தச் சார் எடுத்தாராம், வெளிச்சம் பார்ப்பதற்காக. அதை அழிக்காமல் வைத்திருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். முகவரி மின்னஞ்சலில் இருக்கிறது. பதிலை எனக்கு வேண்டாம், அம்மாவின் பெயருக்கே போடுங்கள், தமிழில் போடுங்கள். எட்டாவது வரை படித்திருக்கிறார், அவரே வாசித்துக்கொள்வார்.

உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்,
தூத்துக்குடி